வயதான ஆத்தா அப்பச்சியைக் கப்பல் சுற்றுலாவுக்குக் கூட்டிப் போகலாமா?

9 ஜனவரி 2025, தேவகோட்டையிலிருந்து ஒரு கேள்வி

பிள்ளையார் நோன்புக்கு எல்லோரும் கூடியிருந்தபோது பேச்சு வந்தது. மே மாதம் சிங்கப்பூர் போய், அங்கிருந்து மூன்று இரவுக் கப்பலில் பினாங்கு, புக்கெட் பார்த்துத் திரும்பலாம் என்று திட்டம். அப்பச்சிக்கு (எங்கள் அப்பாவுக்கு) 78, முழங்கால் வலி உண்டு. ஆத்தா (அம்மா) சுத்த சைவம். பங்காளி வீடுகளில் எல்லோரும் "வயசானவங்களைக் கப்பல்ல ஏத்தாதே, வாந்தி எடுத்தே படுத்துருவாங்க, சாப்பாடும் கிடைக்காது" என்கிறார்கள். போய்வந்தவர்கள் சொல்லுங்கள். கூட்டிப் போகலாமா?

அன்று இரவு

தாராளமாகக் கூட்டிப் போங்கள், தம்பி. நான் கண்டனூர். என் ஆத்தாவை முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகுதான் முதன்முதலில் கப்பலில் கூட்டிப் போனேன். அதற்கு முன் வேன் பிடித்துப் போன சுற்றுலாக்களில் பாதி நேரம் ஏறி இறங்குவதிலேயே போய்விடும். தினம் ஒரு லாட்ஜ், தினம் பெட்டி கட்டுவது. கப்பலில் துணிமணியை ஒருமுறை அலமாரியில் அடுக்கிவிட்டால் அத்தோடு சரி. தூங்கி எழுந்தால் வேறு ஊர். இறங்கத் தெம்பில்லை என்றால் மேல்தளத்தில் உட்கார்ந்து துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

எந்தக் கப்பல் என்று தேடுகிற நேரத்தில் பாதியையாவது எந்த அறை என்று தேடுவதில் செலவழியுங்கள். வயதானவர்களுக்குப் பயணம் இனிப்பதும் கசப்பதும் அதில்தான் இருக்கிறது. நாளை விவரமாக எழுதுகிறேன்.

10 ஜனவரி

கப்பலின் முன்முனையும் பின்முனையும்தான் அதிகம் ஏறி இறங்கும். மேல்தளங்கள் பக்கவாட்டில் அதிகம் அசையும். அதனால் நீளத்தில் நடு, உயரத்தில் கீழ்த்தளம். இது முதல் கணக்கு.

இரண்டாவது, நடை. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கெந்திங் டிரீம் கப்பலின் நீளம் 335 மீட்டர். அறை ஒரு கோடியில், சாப்பாட்டுக்கூடம் மறுகோடியில் என்று அமைந்துவிட்டால் அப்பச்சி ஒரு வேளை சாப்பிட்டு வர அரை கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். நாளுக்கு மூன்று வேளை என்று பெருக்கிப் பாருங்கள். லிப்டுக்குப் பக்கத்தில் எடுங்கள். ஆனால் லிப்டுக்கு நேர் எதிரே வேண்டாம், இரவு ஒரு மணிக்கும் கூட்டம் கூட்டமாகப் பேசிக்கொண்டு போவார்கள்.

மூன்றாவதைப் பலர் பார்ப்பதில்லை. கப்பலின் ஒவ்வொரு தளத்தின் வரைபடமும் கம்பெனியின் இணையதளத்திலேயே இருக்கும். உங்கள் அறைக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலேயும் அறை, கீழேயும் அறை என்றால் நிம்மதி. மேலே நீச்சல்குளத் தளம் என்றால் விடிவதற்கு முன்பே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். கீழே நாடக அரங்கு என்றால் பாட்டின் அதிர்வு கட்டில் வரை வரும்.

ஏஜெண்டுகள் "கியாரண்டி கேபின்" என்று விலை குறைத்து ஒன்று சொல்வார்கள். எந்த அறை என்பதைக் கம்பெனிதான் கடைசியில் முடிவுசெய்யும். இளவட்டங்களுக்கு அது நல்ல பேரம். உங்களுக்கு வேண்டாம்.

11 ஜனவரி

பால்கனி வேண்டுமா என்று பள்ளத்தூர் அண்ணன் கேட்டிருக்கிறார். மூன்று இரவுக்கு எதற்கு அவ்வளவு பணம், ஜன்னல் இல்லாத உள் அறையே போதும் என்பதுதான் பொதுவாக என் எண்ணம். உள் அறையில் விளக்கை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாது. குழந்தைகள் நன்றாகத் தூங்கும்.

12 ஜனவரி

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவில் இரண்டு மூன்று முறை எழுந்திருக்கிற வயதில் உள்ளவர்களுக்கு, முழு இருட்டில் எழுந்தால் திக்குத்திசை தெரியாமல் போகும். அவர்களுக்கு ஜன்னல் அறையாவது எடுங்கள். உள் அறைதான் என்றால், பிளக்கில் செருகும் சின்ன இரவு விளக்கு ஒன்றைக் கொண்டுபோய்க் குளியலறைப் பக்கம் போட்டுவிடுங்கள்.

குளியலறை என்றதும் நினைவுக்கு வருகிறது. பல கப்பல்களில் குளியலறை வாசலில் ஒரு எஃகுத் தடுப்பு, நான்கைந்து விரற்கடை உயரத்துக்கு நிற்கும். தண்ணீர் அறைக்குள் வராமல் இருக்க. தரையும் தடுப்பும் ஒரே வெளிர் நிறமாக இருந்தால் கண்ணுக்கே தெரியாது. எங்கள் ஆத்தாவுக்கு ஊரில் வளவு வீட்டு வாசலில் நிலைப்படி தாண்டித் தாண்டிப் பழகிய கால், தானாகவே தூக்கி வைத்தார்கள். பட்டணத்தில் சமதரை வீட்டில் இருந்தவர்களுக்கு அந்தப் பழக்கம் இருக்காது. ஏறியவுடன் முதல் வேலையாக இரண்டு பேரையும் கூட்டிப் போய், இதோ பாருங்கள் என்று காட்டுங்கள். ஓரத்தில் பளிச்சென்ற நிறத்தில் ஒட்டுநாடா ஒன்று ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது, இறங்கும் அன்று உரித்துவிடலாம்.

கழிவறையில் காகிதம்தான், குழாய் பெரும்பாலும் இருக்காது. ஒரு பிளாஸ்டிக் குவளையைப் பெட்டியில் போடுங்கள்.

17 ஜனவரி

பொங்கலுக்கு ஆள் வந்து போனதில் எழுத முடியவில்லை. வாந்தி விஷயம்.

மே மாதம் நீங்கள் போகப்போவது மலாக்கா நீரிணை. ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலாய்த் தீபகற்பம், நடுவில் ஒடுங்கிய கடல். பெரிய அலைக்கு இடமில்லை, ஆண்டின் பெரும்பகுதி அமைதியாகவே இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல், ஐப்பசி கார்த்திகையில் வங்கக்கடல், நவம்பர் முதல் ஜனவரி வரை தென்சீனக்கடல், இவைதான் ஆட்டம் போடும். எந்தக் கடலில் எந்த மாதம் என்று பார்த்துச் சீட்டு எடுப்பவருக்குப் பாதி வாந்தி அப்போதே தீர்ந்துவிடும். மேலும் இன்றைய பெரிய கப்பல்களுக்கு நீருக்கடியில் இரண்டு பக்கமும் துடுப்பு மாதிரி நிலைப்படுத்திகள் உண்டு. பக்கவாட்டு ஆட்டத்தை அவை வெகுவாகக் குறைக்கும். முன்பின் ஏற்ற இறக்கத்துக்கு அவற்றால் அவ்வளவு பயனில்லை, அதனால்தான் நடு அறை என்று சொன்னேன்.

அவோமின் மாத்திரை நம் ஊர் மருந்துக்கடையிலேயே கிடைக்கும். குமட்டல் தொடங்குமுன் போட வேண்டும், தொடங்கிய பின் பலன் குறைவு. தூக்கம் தள்ளும். கண்ணழுத்தம், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கு அது ஆகாது. அப்பச்சியின் டாக்டரைக் கேட்காமல் கொடுத்துவிடாதீர்கள். என் ஆத்தாவுக்கு இஞ்சி மொரப்பாவும், தளத்தில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்ப்பதுமே போதுமாக இருந்தது. வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது.

25 ஜனவரி

சாப்பாடு. இதைப் பற்றித்தான் ஆச்சிமார் அத்தனை பேரும் கேட்கிறார்கள்.

சீட்டு எடுக்கும்போதே சைவம் என்று பதிவு செய்யுங்கள். அதோடு விடாமல், ஏறிய அன்றே சாப்பாட்டுக்கூடத்து மேற்பார்வையாளரிடம் நேரில் சொல்லுங்கள். முட்டை, மீன் சாறு, சிப்பிச் சாறு எதுவும் ஆகாது என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். கிழக்காசியச் சமையலில் காய்கறிப் பொரியலிலும் சிப்பிச் சாறு விழும். பணியாளர்களின் சட்டைப் பெயர்ப்பட்டையில் பெரும்பாலும் அவர்களுடைய நாட்டின் பெயரும் இருக்கும். இந்தியா என்று போட்டவர் ஒருவராவது கட்டாயம் இருப்பார். கோவாக்காரர்கள் நிறைய, நம் பக்கத்துப் பிள்ளைகளும் உண்டு. ஒரு தடவை தூத்துக்குடிப் பையன் ஒருவர், ஆத்தா கேட்காமலே மறுநாள் காலை ரசம் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். சமையலறையில் தங்களுக்கென்று வைத்த ரசத்தில் எடுத்ததாம். ஆத்தா அந்தப் பையனின் அம்மா பெயர் வரை விசாரித்துவிட்டுத்தான் சாப்பிட்டார்கள்.

சிங்கப்பூரிலிருந்து போகும் கப்பல்களில் இந்தியப் பயணிகள் அதிகம். சோறு, பருப்பு, தயிர் பஃபேயில் இருக்கும். முதல் நாள் மதியம் பஃபேயில் நிற்க இடமிருக்காது. அதே நேரத்தில் பெரிய சாப்பாட்டுக்கூடமும் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள், பல கப்பல்களில் திறந்திருக்கும். வயதானவர்களுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு அலையும் வேலை மிச்சம்.

26 ஜனவரி

தேன்குழல், சீப்புச் சீடை கொண்டுபோகலாமா என்று கேட்ட ஆச்சிக்கு: காரைக்குடிக் கடையில் பெயர், தேதி அச்சிட்டு ஒட்டிய பாக்கெட்டாக வாங்கினால் பெரும்பாலும் விடுவார்கள். வீட்டில் சுட்டுத் தூக்குச்சட்டியில் போட்டுக் கொண்டுபோவதை ஏறும் இடத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஊறுகாய், பருப்புப் பொடியும் அப்படியே, கடைப் பாக்கெட்டாக. ஊறுகாய் விமானத்தில் கைப்பையில் வேண்டாம், பெரிய பெட்டியில்.

9 பிப்ரவரி

இந்தப் பேச்சு அந்தக் காலத்து ரஜூலா கப்பலுக்குப் போய்விட்டது, நல்லதுதான். வாந்தி பயம் நம் வீடுகளில் எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் எனக்கும் புரிகிறது. 1926இல் கட்டிய கப்பல் அது. சென்னையில் ஏறி, நாகப்பட்டினம் தொட்டு, பினாங்கு, சிங்கப்பூர் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம். ஆயிரக்கணக்கானவர்கள் டெக்கிலேயே பாய் விரித்துப் படுத்துப் போவார்கள். எங்கள் ஐயா (தாத்தா) மூன்று வருடக் கணக்குக்கு, அதாவது மூன்று வருட வேலைத் தவணைக்கு, பினாங்கு போனது அப்படித்தான். ஏறும்போது கொண்டுபோன கட்டுச்சோறு ஆன பிறகு அரிசிக் கஞ்சிதான் என்று அப்பத்தா சொல்வார்கள். பின்னால் எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985இல் அது நடுக்கடலில் தீப்பிடித்ததை நினைவு வைத்திருப்பவர்கள் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெரியவர்கள் "கப்பல் வேண்டாம்" என்று சொன்னால் அதில் நியாயம் உண்டு. இன்றைய கப்பலின் படத்தை, அறையின் படத்தை அவர்களிடம் காட்டிப் பேசுங்கள். வாயால் மட்டும் சொன்னால் அவர்கள் மனதில் அந்த டெக்தான் வரும்.

10 பிப்ரவரி

தீ பற்றிப் பேசியதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கப்பலில் அவர்கள் மிகவும் அஞ்சுவது தீக்குத்தான். இஸ்திரிப்பெட்டி, மின்சாரக் கெட்டில், ரைஸ் குக்கர், ஊதுவத்தி, சாம்பிராணி, கற்பூரம், திரி விளக்கு எதையும் விட மாட்டார்கள். பூஜைக்கு பேட்டரி விளக்கு எடுத்துக்கொள்ளுங்கள். விபூதி, குங்குமத்துக்குத் தடையில்லை. பல பிளக் செருகும் நீட்டுப்பெட்டியையும் பிடுங்கிக்கொள்வார்கள், பல துளை உள்ள யு.எஸ்.பி. சார்ஜர் போதும்.

அறைச் சுவர் எஃகு. காந்தக் கொக்கி நாலைந்து வாங்கிப் போனால் ஈரத் துண்டு, கைத்தடி, கண்ணாடிப் பை எல்லாம் சுவரிலேயே தொங்கும்.

2 மார்ச்

தாள் வேலைகள், சுருக்கமாக. பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். சிங்கப்பூருக்கு நமக்கு விசா தேவை. கப்பல் ஏறிவிட்டுத் திரும்ப அங்கேயே இறங்குவதால், ஒன்றுக்கு மேற்பட்ட முறை நுழையும் விசாவா என்று தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். மலேசியா இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் விசா கேட்பதில்லை, 2026 முடிய நீட்டித்திருக்கிறார்கள். சிங்கப்பூர் வருகைப் படிவத்தை வருவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், விமானத்தில் போகும்போது ஒரு தடவை, கப்பலில் திரும்பும்போது இன்னொரு தடவை. அது இலவசம். காசு கேட்கிற தளம் போலி.

கோடீன் கலந்த இருமல் மருந்து, சில தூக்க மாத்திரைகள் சிங்கப்பூரில் முன் அனுமதி இல்லாமல் கூடாது. அப்பச்சியின் மாத்திரைப் பட்டியலை இப்போதே பார்த்துவிடுங்கள்.

பயணக் காப்பீட்டில் கப்பல் பயணம் அடங்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கப்பல் டாக்டர் கட்டணம் டாலரில் வரும்.

6 ஏப்ரல்

"எல்லாம் அடக்கம்" என்று ஏஜெண்ட் சொன்னாராம், தம்பி எழுதியிருக்கிறீர்கள். என்னிடமும் ஒருவர் அப்படிச் சொல்லி, துறைமுக வரியையும் பணியாளர் அன்பளிப்பையும் கப்பலில் ஏறிய பிறகு கட்ட வைத்தார். பெரிய அமெரிக்கக் கம்பெனிகளில் அந்த அன்பளிப்பு மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 டாலர் வரை. நாலு பேர், மூன்று நாள் என்றால் சிறிய தொகை இல்லை. அந்தப் பணம் அறை துடைப்பவருக்கும் பரிமாறுபவருக்கும் போகிறது என்பதால் கொடுக்க நான் தயங்க மாட்டேன். முன்கூட்டியே சொல்லாததுதான் தவறு. சீட்டு விலை, வரி, அன்பளிப்பு மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

20 ஏப்ரல்

கரையில் இறங்குவது. பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நேரே கட்டும், இறங்கினால் ஜார்ஜ் டவுன். கப்பல் கம்பெனியின் சுற்றுலா அங்கே அவசியமில்லை. கார் பிடித்துத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு, பினாங்கு தெருப் பக்கம் செட்டியார்கள் தொழில் செய்த இடங்களையும் பார்த்து வரலாம். உச்சி வேளையில் நடை சாத்துவார்கள், காலையிலேயே போங்கள்.

புக்கெட் வேறு. பத்தோங் பக்கம் என்றால் கப்பல் கடலில் நின்று, சிறு படகில் கரைக்குக் கொண்டுபோவார்கள். ஆடும் படகில் கால் வைக்க வேண்டும். பணியாளர்கள் கை கொடுப்பார்கள், ஆனாலும் அலை இருந்தால் முழங்கால் வலிக்காரருக்குச் சிரமம். அப்பச்சி அன்று கப்பலிலேயே இருக்கட்டும். எல்லோரும் இறங்கிவிட்ட அந்த நேரத்தில் கப்பலே காலியாக, அமைதியாக இருக்கும். ஆத்தாவுக்கு அந்த அரை நாள்தான் மிகவும் பிடித்திருந்தது.

21 ஏப்ரல்

முக்கியமானது ஒன்று. தாய்லாந்து நேரம் சிங்கப்பூர் நேரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால். கரையில் கால் வைத்ததும் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்கலாம். போனில் நாலு மணி என்று நிதானமாகக் கடையில் நிற்பீர்கள், கப்பலில் ஐந்து ஆகியிருக்கும். சொந்தமாகப் போனவர்களுக்காகக் கப்பல் நிற்காது. கப்பல் கம்பெனியின் சுற்றுலாவில் போனவர்களுக்காக நிற்கும். அதனால்தான் புக்கெட்டில் மட்டும் கம்பெனிச் சுற்றுலாவில் போங்கள் என்கிறேன், விலை கூடுதலானாலும். கையில் ஒரு பழைய கடிகாரம் கட்டி, அதைக் கப்பல் நேரத்துக்கு வைத்து, இறங்கும் வரை தொடாதீர்கள்.

போனைக் கடலில் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் அலைவரிசையைப் பிடித்துவிட்டால் பில் பயங்கரமாக வரும்.

4 மே

புறப்படப் போகிறீர்கள், ஏறும் நாளுக்குச் சில குறிப்புகள். சிங்கப்பூருக்கு முதல் நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள். திருச்சி விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

பெரிய பெட்டிகளைத் துறைமுகத்தில் வாங்கிக்கொண்டு சாயங்காலம்தான் அறை வாசலில் வைப்பார்கள். மாத்திரை, பாஸ்போர்ட், மூக்குக்கண்ணாடி, மாற்று உடை ஒன்று கைப்பையில் இருக்கட்டும். கடைசி இரவும் இதே கதை. பெட்டியை வாசலில் வைக்கச் சொல்வார்கள், மறுநாள் காலை உடுத்துவதற்கு எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியை மூடுங்கள்.

அபாயப் பயிற்சியைத் தட்டிக்கழிக்காதீர்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று ஏறியவர்களுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடன் பயிற்சி என்று விதியை மாற்றினார்கள். ஏழு குறுகிய சங்கொலி, ஒரு நீண்ட ஒலி. கூட வேண்டிய இடத்துக்கு அப்பச்சியை லிப்ட் இல்லாமல் படி வழியே ஒருமுறை மெதுவாகக் கூட்டிப் போய்ப் பாருங்கள். முடியாது என்றால் அன்றே வரவேற்பறையில் பதிவு செய்யுங்கள், உதவிக்கு ஆள் குறித்து வைப்பார்கள்.

சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வயிற்றுப்போக்குக் கிருமி நோரோவைரஸுக்குச் சானிடைசர் சரிப்படாது.

27 மே

படித்தேன் தம்பி, மிகவும் சந்தோஷம். அப்பச்சி மூன்று நாளும் தொடுவானம் பார்த்துக்கொண்டு மேல்தளத்தை விட்டு வரவில்லை என்பதும், ஆத்தா பட்டுப்புடவை கட்டிக் கேப்டனோடு படம் எடுத்துக்கொண்டதும். ரசம் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தயிர்சோறும் பாக்கெட் ஊறுகாயும் கைகொடுத்ததே, அது போதும்.

8 ஜூன்

புதுக்கோட்டைக்காரர் கேட்டிருப்பது: சிங்கப்பூர் வரை போகும் முன் கடல் ஒத்துக்கொள்கிறதா என்று பக்கத்திலேயே பார்க்க வழி உண்டா?

உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குக் கப்பல் போகிறது. 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டிலிருந்து சிவகங்கை என்ற கப்பல் ஓடுகிறது, நம் மாவட்டத்தின் பெயர்தான். சுமார் நாலு மணி நேரப் பயணம். சிறிய கப்பல் என்பதால் பெரிய சுற்றுலாக் கப்பலை விட ஆட்டம் கூடுதலாகவே இருக்கும். அதைத் தாங்கியவருக்கு மலாக்கா நீரிணை ஒன்றும் செய்யாது. மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள், எனவே மாசி முதல் ஆடிக்குள் பாருங்கள். பாஸ்போர்ட், இலங்கை நுழைவு அனுமதி இரண்டும் வேண்டும். பெட்டி எடை வரம்பைச் சீட்டு எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.